நன்றியுரைக்கு நேர வரம்பு இல்லை

கம்போடியா என்று ஒரு நாடு இருப்பது ஆக்லாந்து முத்தமிழ் ஆய்வு மன்றத்துக்கு மார்ச் மாதம் வரை தெரியாது. ஏப்ரலில் அந்த நாடு நம்முடையது என்பது தெரிந்துவிட்டது. இடையில் நடந்தது இவ்வளவுதான்: மன்றத் தலைவர் விநாயகமூர்த்தி மனைவியோடு நான்கு நாள் சுற்றுலா போய், அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

விநாயகமூர்த்தி முப்பது வருடம் வடிகால் பொறியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டனி டவுன்ஸில் வீடு. மன்றத் தலைவராக இது அவருக்குப் பதினோராவது வருடம். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் 'புதியவர்களுக்கு வழிவிடப் போகிறேன்' என்று கண் கலங்குவார். புதியவர்கள் யாராவது வழியில் நிற்கிறார்களா என்று பார்த்து, இல்லை என்று உறுதியானதும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

திரும்பி வந்த கிழமையே செயற்குழுவைக் கூட்டினார்.

"அங்க ஒரு தூணைத் தொட்டுப் பாத்தன்," என்றார். "தொட்ட உடன எனக்கு விளங்கிட்டுது. எங்கட கல்லு. அவையளுக்குக் கல்லு அடுக்கத் தெரியாது. இப்பவும் பாருங்கோ, மழைத்தண்ணி ஓட ரோட்டுக் கானே ஒழுங்கா வெட்டத் தெரியாத சனம்."

வெஸ்ட்கேட்டில் மென்பொருள் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர் வெற்றி, மன்றத்தின் வரலாற்று ஆய்வாளர். அவர் ஆய்வு முழுவதும் கைபேசியில்தான் நடக்கும். "ஆமா சார். சூரியவர்மன் நம்ம ராஜேந்திர சோழனுக்கு ஒரு தேர் அனுப்பியிருக்கான். செப்பேட்டுல இருக்கு. தேர் அனுப்பினா என்ன அர்த்தம்? கப்பம்னு அர்த்தம். கப்பம் கட்டினா யாரோட நாடு அது?"

இந்தக் கணக்கின்படி, போன வருடம் மன்றத்துக்கு, சபை உட்கார, இருபது பழைய கதிரைகளை இலவசமாகக் கொடுத்த தேவாலயமும் மன்றத்துக்குச் சொந்தமாக வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை. 'கம்போடியா: நிலம், வரலாறு, பொருளாதாரம் – ஒரு தமிழ்ப் பார்வை' என்று கருத்தரங்கு நடத்துவதாகக் கை தூக்கி முடிவெடுத்தார்கள். கை தூக்குவது மன்றத்தில் நடக்கும் முக்கியமான உடற்பயிற்சி. நிலக் குழு, வரலாற்றுக் குழு, பொருளாதாரக் குழு என்று மூன்று குழுக்கள் பிறந்தன. உணவுக் குழு ஏற்கனவே இருந்தது. மன்றத்தில் உண்மையாக வேலை செய்யும் குழு அது ஒன்றுதான்.

சிக்கல், நிதியில் வந்தது. சமூகங்களுக்கு இடையே நட்பை வளர்க்கும் கூட்டங்களுக்குப் பணம் கொடுக்கும் ஒரு நிதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அதன் ஏழாவது நிபந்தனை, எந்த நாட்டைப் பற்றிய கூட்டமோ அந்த நாட்டுக்காரர் ஒருவருக்கு மேடையில் இருபது நிமிடம் கொடுக்க வேண்டும் என்றது. கம்போடியாவைப் பற்றிப் பேச ஒரு கம்போடியர் எதற்கு என்று செயற்குழுவுக்கு விளங்கவே இல்லை.

"ஆரிட்டையாவது ஒரு கம்போடியன் இருக்கோ?" என்று தலைவர் கேட்டார். ஏணி இருக்கிறதா என்று கேட்கும் குரல்.

மூலையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆனந்தராசாவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனந்தராசா செயற்குழு உறுப்பினன் அல்ல. மகள் லோஜனா மன்றத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருவதால் பன்னிரண்டு வருடமாக அங்கத்தவன். அதாவது கதிரை அடுக்குபவன். மற்ற நாட்களில் கிளென் ஈடனில் ஒரு பேக்கரியில் வேலை. அந்தப் பேக்கரியின் முதலாளி வண்ணாக், கம்போடியர். ஆக்லாந்தில் காலையில் இறைச்சி அடைத்த 'பை' பலகாரத்தைச் சூடாக வாங்கித் தின்னும் மனிதர்களில் பாதிப் பேர், தங்களுக்கே தெரியாமல், கம்போடியர் கையால்தான் தின்கிறார்கள்.

ஆனந்தராசா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஏறிய கடைகளில் எல்லாம் 'நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா' என்று கேட்டார்கள். வந்து ஒன்பது நாள் ஆனவனிடம் எவ்வளவு அனுபவம் இருக்கும்? வண்ணாக் மட்டும்தான் வேறு கேள்வி கேட்டார். "காலையில் மூன்று மணிக்கு எழும்புவாயா?" அன்றிலிருந்து எழும்புகிறான். அந்த மனிதருக்கு அவன் பட்ட கடன் சம்பளத்தில் தீராது. இருவரும் பேசுவது ஆங்கிலம். இருவருக்கும் அது சரியாக வராது என்பதால் நன்றாக விளங்கும்.

மறுநாள் மன்றத்தின் கடிதத்தை வண்ணாக்கிடம் நீட்டி, "இருபது நிமிடம் பேச வேணுமாம்," என்றான்.

வண்ணாக் மா ஒட்டிய கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நிலம் பற்றியா? புவியியலா?"

"ஓம். அதுவும் இருக்கு."

அறுபதை நெருங்கும் அந்த மனிதரின் முகம் அப்போது போன போக்கை ஆனந்தராசா முன்பு பார்த்ததில்லை. "என் அப்பா பத்தம்பாங்கில் புவியியல் ஆசிரியர்," என்றார். "எனக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் போய் உட்கார்ந்திருப்பேன். அவருடைய ஒரு பாடம் என்னிடம் இருக்கிறது. ஐம்பது வருடமாக அதைக் கொடுக்க ஆள் இல்லை. இருபது நிமிடம் நிச்சயமாகத் தருவார்களா?"

"நிச்சயமாத் தருவினம்," என்றான் ஆனந்தராசா. "நான் சொல்லுறன்."

பன்னிரண்டு வருடம் தமிழ்க் கூட்டங்களில் கதிரை அடுக்கியவன் இப்படி ஒரு வாக்கைக் கொடுத்திருக்கக் கூடாது. பேச்சாளருக்கு இருபது நிமிடம் என்று அச்சடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வாக்கு போய்விட்டது.

அன்று முதல் வண்ணாக், மா பிசையும் மேசையில் மாவைத் தூவி விரலால் வரைபடம் போட்டுப் பழகத் தொடங்கினார். நடுவில் ஒரு பெரிய ஏரி. அதிலிருந்து ஒரு ஆறு. அது போய்ச் சேரும் இடத்தில் மீகொங். அடுப்பில் ஒரு தட்டுப் 'பை' வேக அரை மணி நேரம் என்றால், அதற்குள் பாடத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். கேட்பதற்கு ஆனந்தராசா ஒருவன்தான் இருந்தான்.

முதல் தடையைக் கொண்டுவந்தவர் செயலாளர் இரத்தினசிங்கம். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். அதனால் எல்லாருக்கும் 'மாஸ்டர்'. மன்றத்தின் விதிகள் அடங்கிய யாப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கக்கத்தில் வைத்திருப்பார். வீட்டுக்கு நெருப்புப் பிடித்தால் அதைத்தான் முதலில் வெளியே எடுப்பார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

"அவர் கம்போடியர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார் மாஸ்டர்.

வண்ணாக்கின் பாஸ்போர்ட் பிரதியை ஆனந்தராசா கொண்டுபோனான். அது நியூசிலாந்து பாஸ்போர்ட். பிறந்த இடம் பத்தம்பாங் என்று இருந்தது.

"இந்த ஊர் கம்போடியாவிலதானோ?"

நிலக் குழுவைக் கேட்டார்கள். நிலக் குழு இன்னும் வரைபடத்தை முடித்திருக்கவில்லை. தஞ்சாவூரை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. வெற்றி கைபேசியைத் தட்டிப் பார்த்து, "கொஞ்ச காலம் தாய்லாந்துகிட்ட இருந்திருக்கு சார்," என்றார். இதனால் சந்தேகம் கூடியது. வேறு ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எல்லை தாண்டிய அன்று அவரிடம் ஒரு போத்தல் தண்ணீர் மட்டும்தான் இருந்தது என்று ஆனந்தராசா சொன்னான். அது நிபந்தனையில் சொல்லப்பட்ட ஆவணம் அல்ல.

கடைசியில் ஜனநாயக முறைப்படி வாக்கெடுத்தார்கள். பத்துப் பேர் கொண்ட செயற்குழுவில் ஏழு பேர் வண்ணாக் கம்போடியர் என்று கை தூக்கினார்கள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். ஒருவர் நடுநிலை, அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியாக வண்ணாக் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் கம்போடியர் ஆனார்.

அடுத்த தடை, பேச்சின் எழுத்து வடிவம். மன்ற மேடையில் ஏறும் எதையும் தலைவர் முதலில் பார்க்க வேண்டும். வண்ணாக் சொல்லச் சொல்ல லோஜனா ஆங்கிலத்தில் தட்டெழுதிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அது சிவப்பு மையில் குளித்து வந்தது.

"தம்பி ஆனந்தராசா, இதில சில பிழையள் கிடக்கு," என்றார் விநாயகமூர்த்தி. "ஆறு பின்னுக்கு ஓடுதாம். வருசத்தில அரைவாசி நாள் திரும்பி ஏரிக்குள்ள போகுதாம். நான் முப்பது வருசம் வடிகால் பாத்தனான். தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும். மேடையில நிண்டு இப்பிடிக் கதைச்சால் மன்றத்துக்கு என்ன மரியாதை?"

"அது உண்மையாம், ஐயா. மழைக்கு மீகொங் உயர்ந்து தள்ளுதாம்."

"அவையள் சொல்லுவினம். வெட்டிப் போட்டன்."

ஆற்றுக்குப் பிறகு வரலாற்றையும் வெட்டியிருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு மேல் இருந்த எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு. பக்க ஓரத்தில், 'தமிழ்த் தொடர்பு இல்லாத நூற்றாண்டுகள் – நீக்கவும்.'

"ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைஞ்சு எண்டும் ஏதோ எழுதியிருக்கு," என்றார். "சாவு, பட்டினி எண்டு. எங்கட ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பமா வாறவை, தம்பி. இதெல்லாம் கேட்டு அவைக்குப் பழக்கமில்லை."

எதிரே நின்றவன் ஈழத்து இறுதி யுத்தத்தில் இருந்து உயிரோடு வெளியே வந்தவன். வரப்போகிற சபையில் பாதிப் பேர் பதுங்கு குழியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவர்கள். ஆனந்தராசா வாயைத் திறந்தான். பிறகு கதிரை அடுக்குபவனின் வழக்கப்படி மூடிக்கொண்டான். அதற்காக அவன் அன்றிரவு வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

ஆறும் எட்டு நூற்றாண்டும் போனபின் பேச்சில் மிஞ்சியது, 'எல்லாருக்கும் வணக்கம், என் பெயர் வண்ணாக்' என்பதுதான். அதற்கு இருபது நிமிடம் எதற்கு? பத்தாக்கினார்கள். அமைச்சர் வரக்கூடும் என்ற வதந்தியில் ஐந்தானது. அமைச்சர் வரவில்லை என்று உறுதியானபோது அந்த ஐந்து நிமிடத்தைப் பொருளாதாரக் குழுவுக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் ஆனந்தராசாவை மனைவி உஷா பிடித்துக்கொண்டாள். "அந்த மனுசனிட்டச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"அவர் பேக்கரி அடுப்புத் தாளில வரைபடம் கீறுறார், உஷா. பெரிசா. ஆறு அடி. நீல மை வாங்கி வந்திருக்கிறார். எப்பிடிச் சொல்ல?"

"உங்கட மன்றத்துக்குக் கதிரை அடுக்கி அடுக்கி உங்கட நாரி எலும்பும் போச்சு, நாக்கும் போச்சு," என்றாள் உஷா. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஆகஸ்ட் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. நான்கு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்ட விழா ஐந்துக்குத் தொடங்கியது. மேடையில் பெரிய பதாகை: ஒரு பக்கம் அங்கோர் வாட், மறுபக்கம் தஞ்சைப் பெரிய கோயில், நடுவில் இரண்டையும் விட உயரமாக விநாயகமூர்த்தி.

வண்ணாக் மனைவியின் மரணச் சடங்குக்கு வாங்கிய கறுப்புக் கோட்டு அணிந்து, உருட்டிய அடுப்புத் தாளை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். விளக்கேற்ற வந்தவர்களுக்காக இரண்டாம் வரிசைக்கு எழுப்பப்பட்டார். ஆசியுரை வழங்க வந்தவரின் குடும்பத்துக்காக நான்காவதற்குப் போனார். நடனப் பிள்ளைகளின் பெற்றோர் வந்தபோது சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொரு முறையும் எழுப்பியவருக்கு நன்றி சொன்னார்.

வரவேற்புரையில் கம்போடியா ஒருமுறை வந்தது. ஆசியுரையில் வரவில்லை. பொன்னாடைகள் பதினொன்று போர்த்தப்பட்டன. அதில் மூன்று ஒரே பொன்னாடை, சுற்றி வந்தது. தலைமையுரைக்குப் பதினைந்து நிமிடம். விநாயகமூர்த்தி ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார்.

"நாங்கள் அங்க ஆளப் போகேல்லை. கோயில் கட்டிக் குடுக்கப் போனனாங்கள்," என்றார். "அந்தச் சனம் எங்களை மறந்திட்டுது. பரவாயில்லை. நாங்கள் நன்றியை எதிர்பாக்கிற இனம் இல்லை." இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார்.

வெற்றி அடுத்து வந்து, கம்போடியர்கள் சோறு சாப்பிடுகிறார்கள், நாமும் சோறு சாப்பிடுகிறோம் என்று தொடங்கி, முப்பத்தெட்டு ஒற்றுமைகளைத் திரையில் காட்டினார். "முப்பத்தெட்டும் தற்செயலா இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க." பொருளாதாரக் குழு, அந்த நாட்டில் சட்டை என்ன விலை, கால் பிடித்துவிட என்ன விலை என்று தலைவரின் மனைவி எழுதிய குறிப்பேட்டில் இருந்து ஆய்வுரை நிகழ்த்தியது.

மணி எட்டைத் தாண்டியது. மண்டபத்தின் பின்பக்கம் நீள மேசையில் அலுமினியத் தட்டுகள் மூடியபடி காத்திருந்தன. ரோல்ஸ், கட்லெட், புரியாணி. மூடி இருந்தும் வாசனை சபையின் முன்வரிசை வரை வந்து உட்கார்ந்துவிட்டது.

"இப்ப கம்போடிய நண்பருக்கு ஒரு பொன்னாடை," என்று மாஸ்டர் ஒலிவாங்கியில் சொன்னார். வண்ணாக் தாளோடு மேடைக்கு ஓடாத குறையாக ஏறினார். போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். தாள் படத்தில் இடிக்கிறது என்று வாங்கிக் கீழே வைத்தார்கள். வண்ணாக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியைப் பார்த்தார். அதை அணைத்து, தோளில் தட்டி, படியைக் காட்டினார்கள். ஏழாவது நிபந்தனை நிறைவேறியது.

அவர் தாளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, ஆனந்தராசாவிடம், "எனக்கு எப்போது?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார்.

அந்த நேரம் மேடையில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நன்றியுரை அவனுக்கு. கம்போடியரைப் பிடித்துக் கொடுத்ததற்கு மன்றம் செய்த மரியாதை அது. அறுபத்து மூன்று பெயர் கொண்ட பட்டியலும் காலையிலேயே கையில் தந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் மன்ற யாப்பின் பதினேழாம் விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு விழாவில், தலைவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சபை எழும்பி ரோல்ஸ் பக்கம் போய்விட்டது. அந்தக் காயத்தில் விநாயகமூர்த்தி தன் கையாலேயே எழுதிய விதி: 'நன்றியுரை நிறைவுறும்வரை எவரும் மண்டபத்தை விட்டு நீங்கலாகாது, உணவின் மூடி திறக்கப்படலாகாது, நன்றியுரைக்கு இடையூறு செய்யலாகாது.' அதை அமுல்படுத்தவென்று உணவு மேசைக்கு முன்னால் ஒருவரை நிறுத்துவார்கள். இந்த ஆறு வருடத்தில் பலமுறை அங்கே நின்ற ஆள் ஆனந்தராசாதான். அந்த விதி அவனுக்கு மனப்பாடம்.

மேடையில் ஏறினான். பட்டியலைப் பார்த்தான். முதல் பெயர் விநாயகமூர்த்தி. அறுபத்து மூன்றாவது பெயரும் விநாயகமூர்த்தி.

"நன்றியுரையை," என்று தொடங்கிப் பட்டியலை மடித்தான், "என்ர இடத்தில திரு. வண்ணாக் சொல்லுவார். அவர் இங்கிலீசில சொல்ல நான் தமிழில சொல்லுறன்."

வண்ணாக்குக்குக் கை காட்டி, மெதுவாக, "உங்கள் பாடத்தைச் சொல்லுங்கள்," என்றான். "முழுவதும். இனி யாரும் நிறுத்த முடியாது."

வண்ணாக் மேடையேறித் தாளை விரித்தார். கொண்டுவந்த ஒட்டுநாடாவால் பதாகையின் மேல் ஒட்டினார். ஆறு அடித் தாள் வேறு எங்கும் கொள்ளாது. கம்போடியா நாட்டின் பின்னால் விநாயகமூர்த்தி மறைந்துபோனார்.

"இது தொன்லே சாப் ஏரி," என்றார். "இது ஆறு. வெயில் காலத்தில் இப்படி ஓடும், மீகொங்கை நோக்கி. மழை வந்தால் மீகொங் உயரும், இந்த ஆற்றைப் பின்னுக்குத் தள்ளும். ஆறு திரும்பி ஏரிக்குள் ஓடும். ஏரி நாலு மடங்கு, ஐந்து மடங்கு பெருக்கும். காட்டு மரங்களின் உச்சியில் மீன் முட்டை இடும். இந்த மாதம், இன்றைக்கு, அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது."

விநாயகமூர்த்தி எழுந்துவிட்டார். "மாஸ்டர், இது நன்றியுரை இல்லை. நிப்பாட்டச் சொல்லுங்கோ."

மாஸ்டர் கக்கத்தில் இருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். சபை முழுவதும் அவரைப் பார்த்தது, புரியாணியும் பார்த்திருக்கும்.

"வரவேற்புரை அஞ்சு நிமிசம்," என்று வாசித்தார். "தலைமையுரை பதினைஞ்சு. ஆய்வுரை இருபது. நன்றியுரைக்கு நேர வரம்பு போடேல்லை. இடையூறு செய்யலாகாது எண்டு இருக்கு. நீங்கள்தான் எழுதினது. இருங்கோ."

தலைவர் இருந்தார். யாப்பு ஒரு மனிதரை உட்கார வைத்ததை ஆனந்தராசா அன்றுதான் முதலில் பார்த்தான்.

வண்ணாக் பாடத்தைத் தொடர்ந்தார். அந்த ஏரி மீன் நாட்டுக்கே சோற்றுக்கு மேல் வைக்கும் கறி என்றார். வெள்ளம் கொண்டுவரும் வண்டலில் நெல் எப்படி விளையும் என்றார். பொருளாதாரம் என்றால் இதுதான் என்று அப்பா சொல்லுவாராம். ஆறு திரும்பாவிட்டால் ராஜாவும் பட்டினி. மேசைக்கு முன்னால் காவல் நின்றவர் கூடத் தட்டுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"ஆறு ஏன் திரும்பிப் போகிறது என்று அப்பா அன்றைக்குச் சொன்னார்," என்றார் வண்ணாக். "பிறகு எப்போது, எப்படி முன்பக்கம் திரும்பும் என்று ஒரு பையன் கேட்டான். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றார்."

பிறகு சபையைப் பார்த்து, வகுப்பில் கேட்பது போல, "இங்கே ஆசிரியர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். "கை தூக்குங்கள்."

ஆனந்தராசா அதைத் தமிழில் சொன்னான். முன்வரிசையில் இரத்தினசிங்கம் மாஸ்டர் முதுகை நிமிர்த்திக் கையைத் தூக்கினார். இருபத்திரண்டு வருடப் பெருமையும் அந்தக் கையில் இருந்தது.

"துப்பாக்கியோடு வந்து நாட்டைப் பிடித்தவர்களும் இப்படித்தான் கேட்டார்கள்," என்றார் வண்ணாக். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. ஒரு கோயில் முற்றத்தில். கையில் கொப்பியும் பேனாவும் வைத்திருந்த ஆள், மிக மரியாதையாக. ஆசிரியர்கள் கை தூக்குங்கள், புதிய பள்ளிக்கூடம் திறக்கிறோம் என்றான். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா கை தூக்கினார். ஆசிரியர்தானே. அடுத்த வகுப்பு நடக்கவே இல்லை."

இதைத் தமிழில் சொல்ல ஆனந்தராசாவுக்கு முடியவில்லை. அவனும் முட்கம்பிக்குள் நின்று ஒலிபெருக்கியில் ஒரு மரியாதையான குரலைக் கேட்டவன். பெயரைப் பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்ற குரல். அவனுடைய அண்ணன் கை தூக்கினார். ஆனந்தராசா தூக்கவில்லை, அதனால்தான் கதிரை அடுக்க இன்னும் ஆள் இருக்கிறது. வண்ணாக் சொன்னதை அவன் மூன்று தரம் தொடங்கி, நான்காம் தரம் முடித்தான்.

இந்தச் சபைக்குப் பழக்கமில்லாத கதை என்று வெட்டப்பட்டது இதுதான். மாஸ்டரின் கை தூக்கியபடியே இருந்தது. இறக்குவதற்கு அவருக்கு வழி தெரியவில்லை.

"மிச்சப் பாடத்தை நான் கிளென் ஈடன் நூலகத்தில் படித்தேன். எனக்கு அப்போது நாற்பது வயது," என்றார் வண்ணாக். "மழை நின்று மீகொங் இறங்கும். நவம்பரில் ஆறு முன்பக்கம் திரும்பும். ஏரி தான் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் பாடம். நன்றி சொல்லச் சொன்னார்கள். இருபது நிமிடத்துக்கு நன்றி."

கைதட்டல் வரவில்லை. சாப்பாட்டு மூடிகளைத் திறக்கவும் கொஞ்ச நேரம் யாரும் போகவில்லை.

பதினைந்து நாள் கழித்துச் செயற்குழு கூடியது. விளக்கம் கேட்பதற்காக ஆனந்தராசாவையும் அழைத்திருந்தார்கள். நிதியத்துக்கு அனுப்பும் அறிக்கை முதலில் வாசிக்கப்பட்டது. 'கம்போடியப் பிரதிநிதி மன்றத்துக்கு விரிவாக நன்றி தெரிவித்தார்' என்று இருந்தது. விழா மாபெரும் வெற்றி என்று தலைவர் அறிவித்தார். ஆறு விஷயமாகத் தான் தேடிப் பார்த்ததாகவும், அது திரும்பி ஓடுவது உண்மை என்றும், அந்தத் தொழில்நுட்பத்தைச் சோழர்கள் கொண்டுபோயிருக்கக் கூடும் என்றும் சொன்னார். வெற்றி, "ஆமா சார்," என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். பதினேழாம் விதிக்குத் திருத்தம்: நன்றியுரை இரண்டு நிமிடம். அதற்கு முன்பே உணவு பரிமாறப்படும். மன்றத்தின் வரலாற்றில் சபைக்கு நன்மை செய்த ஒரே திருத்தம் இதுதான் என்று உணவுக் குழு வரவேற்றது.

"ஆதரிக்கிற ஆக்கள் கை தூக்குங்கோ."

ஒன்பது கை.

"எதிர்க்கிற ஆக்கள்," என்றார் விநாயகமூர்த்தி, பேனாவை மூடிக்கொண்டே. பதினொரு வருடமாக அவர் கொண்டுவந்த திருத்தம் எதற்கும் எதிராக யாரும் கை தூக்கியதில்லை.

இரத்தினசிங்கம் மாஸ்டர் யாப்பை மேசையில் வைத்தார். மேசைக்குக் கீழே இருந்த கையை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் மனைவி இல்லை, சட்டையைப் பிடித்து இழுக்க.

கையைத் தூக்கினார்.

"மாஸ்டர், விளங்காமல் தூக்கிறியளோ?" என்றார் தலைவர்.

"விளங்கித்தான்," என்றார் மாஸ்டர். "எழுதுங்கோ. ஒண்டு."

அவர்தான் செயலாளர் என்பதால், தூக்கிய கையை இறக்காமல், மற்றக் கையால் கோணல் எழுத்தில் தானே எழுதினார்.